மேற்கே பெய்யும் மழை, கிழக்கே பிழைக்கும் போடி

போடிநாயக்கனூருக்கு முதல்முறை வருகிறவர்கள் ஏலக்காய்க் கடையைத்தான் தேடுவார்கள். நானோ அவர்களைக் கடைவீதிக்கு முன்னால் முந்தல் போகும் வழியில் அணைப்பிள்ளையார் பக்கம் கூட்டிப்போவேன். கொட்டகுடி ஆற்றை மறித்து நிற்கும் தடுப்பணை அங்கே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் போனால் அணையின் நெடுக வெள்ளை நுரையாகத் தண்ணீர் வழியும். கீழே பாறைகளில் குளிப்பவர்கள், துவைத்த துணியைக் காயப்போடுபவர்கள், ஈர வேட்டியோடு பிள்ளையாருக்கு முன்னால் நிற்பவர்கள் என்று இடமே கலகலப்பாக இருக்கும். ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலை மட்டும் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் ஊர் பிழைப்பது அந்த வாய்க்கால்களில்தான்.

இஸ்தான்புல்லின் ஓரத்தில் கட்டடக் கலைஞர் சினான் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மாலோவா நீர்ப்பாலத்தைப் பார்க்க உலகமே போகிறது. குமரி மாவட்டத்தில் 1966-இல் கட்டி முடித்த மாத்தூர் தொட்டிப் பாலத்திலும் விடுமுறை நாளில் கூட்டம்தான். போடியில் அப்படி அண்ணாந்து பார்க்க வளைவுகளோ உயர்ந்த தூண்களோ கிடையாது. இங்கே நீர்வேலை மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. ஆற்றில் ஒரு மறிப்பு, வாட்டம் பார்த்து வெட்டிய வாய்க்கால், கடைசியில் கண்மாய். ஜமீன் பெயரைத் தாங்கிய பங்காருசாமி கண்மாயும் கிழக்கே மீனாட்சிபுரத்து மீனாட்சியம்மன் கண்மாயும் கொட்டகுடித் தண்ணீரை நம்பியவை. மிச்சம் தேனிப் பக்கம் முல்லையாற்றோடு கலந்து வைகைக்குப் போய்விடும்.

இந்த ஊரின் நிலை கொஞ்சம் விசித்திரமானது. தென்மேற்குப் பருவமழை ஏலமலையின் அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். போடியிலோ ஆடிக்காற்றும் சிறு தூறலும்தான். ஆற்றை நிரப்ப வடகிழக்குப் பருவமழை வந்தாக வேண்டும். 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி போடிமெட்டில் நின்றால் காரணம் கண்ணுக்கே தெரியும். மேற்கே இறங்கும் மழை பன்னியாறு வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்கே இறங்குவதுதான் நமக்கு. அந்தப் பக்கத்தில் விழுந்ததை இந்தப் பக்கம் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் மலையடிவாரத்து மக்களின் நெடுநாள் கவலை.

அந்தக் கவலைக்கு மிகப் பெரிய விடை 1895-இல் வந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல்பொடியும் கொண்டு முல்லைப் பெரியாற்றில் அணை கட்டி, ஒரு மைலுக்குச் சற்று அதிகமான நீளத்துக்கு மலையைக் குடைந்து, மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பினார். கம்பம் பள்ளத்தாக்கில் அவர் படம் இல்லாத ஊர் குறைவு. பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் இன்று போடிக்கும் வருகிறது. லோயர் கேம்பில் தொடங்கும் 18-ஆம் கால்வாய் மலையடிவாரத்தை ஒட்டி உத்தமபாளையம், தேவாரம் பக்கமாக வந்து, நீட்டிக்கப்பட்ட பிறகு போடி வட்டத்தையும் தொடுகிறது. வழியில் குறுக்கிடும் ஓடைகளைத் தொட்டிப் பாலங்களில் ஏறிக் கடக்கிறது. அண்ணாந்து பார்க்கும் உயரம் அவற்றுக்கு இல்லை. ஆனாலும் வறண்ட ஓடைக்கு மேலே தண்ணீர் தன் பாட்டுக்கு நடந்து போவதைப் பார்ப்பது ஒரு தனிச் சந்தோஷம். மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை, வாட்டம் ஒன்றுதான். கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தால் அடிவாரத்துக் கண்மாய்க்காரர்கள் முகமே மாறிவிடும்.

ஏலக்காயும் அந்தத் தண்ணீரைப் போலவே மலையின் மேற்குப் பக்கத்திலிருந்துதான் கிழக்கே வருகிறது. பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்கள் இடுக்கி மாவட்டத்தில். அவற்றின் உரிமையாளர்களில் பலர் போடியில். விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும். சுமார் ஐந்து கிலோ பச்சைக் காய் ஸ்டோர் எனும் உலர்கூடத்தில் காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். காய்ந்தது போடிக்கு இறங்கி, பெண்களின் கைகளில் தரம் பிரிகிறது. உருண்டு திரண்ட எட்டு மில்லிமீட்டர் காய் ஒரு பக்கம், வெடித்ததும் வெளுத்ததும் இன்னொரு பக்கம். அந்த விரல்களின் வேகத்தைக் கண்ணால் தொடர முடியாது. பிறகு நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம். வாங்குபவர் மாதிரிக் காயை உடைத்து, விதையின் கருமையைப் பார்த்து, மோந்துவிட்டு விலை தட்டுகிறார்.

ஒரு காலத்தில் மூணாறு தேயிலையும் இப்படித்தான் இறங்கியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு வரும், அங்கிருந்து போடிக்கு. மலைமேல் தேயிலை சுமந்த சிறு ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கீழே, 1928-இல் போடிக்கு வந்த மதுரை ரயில், அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் நின்று, 2023 ஜூன் 15 அன்றுதான் திரும்பி வந்தது.

ஆகவே சென்னையிலிருந்தே ரயிலேறி வரலாம். ஏலக்காய் வாங்குங்கள், குரங்கணிக்குப் போங்கள், பரமசிவன் மலையேறிக் கும்பிடுங்கள். அணைப்பிள்ளையாரில் குளித்து முடித்ததும் வாய்க்கால் கரையில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். உள்ளூர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: வாய்க்காலுக்குள் கழிவுநீரையும் பாலித்தீன் பைகளையும் விடாதீர்கள். மழைக்காலத்துக்கு முன்பே தூர்வாரி வைத்தால்தான் ஐப்பசித் தண்ணீர் கண்மாய்க்குப் போய்ச் சேரும்.