நெறிக்கு எல்லை எது?

வைகறை இருள் விலகுமுன்பே உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பள்ளிச் சீருடைகள் தென்படத் தொடங்கும். ஜொகூர் பாருவில் வீடும் சிங்கப்பூரில் பள்ளியுமாக வாழும் பிள்ளைகள், 1924இல் திறக்கப்பெற்ற கடற்பாலத்தைக் கடந்து வருகின்றனர். அவர்களுள் ஒருவன் பேருந்தில் முதியவரை ஏசிவிட்டால், கண்டவர் சட்டையிலுள்ள சின்னத்தைப் பார்த்துத் தலைமையாசிரியரிடம் முறையிடுவார். அதே சிறுவன் விடுமுறை நாளில் வீட்டில் தம்பியோடு சண்டையிட்டால் பள்ளிக்கு யார் எழுதுவார்? பள்ளி ஒழுங்கு வாயிற்கதவோடு நிற்பதில்லை. வீட்டுக் கூடத்திற்குள் புகுவதும் இல்லை.

இந்த வினா இன்று கணினி உலகிலும் எழுந்துள்ளது. மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இடந்தருவது திறந்த மூல மென்பொருள். அதனை ஆக்குவோருட் பலர் ஊதியம் பெறாதவர். ஒருவர் முகத்தை ஒருவர் அறியாதவர். அவர்களைப் பிணைப்பது எழுத்து ஒன்றே. அவ்வெழுத்திலே சினம் மிகும்போது கூட்டுறவு குலைகிறது. லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ், உடன் உழைப்போரிடம் கடுமொழி பேசியமைக்காக 2018 செப்டம்பரில் வருத்தம் தெரிவித்துச் சிறிது காலம் ஒதுங்கினார். அப்போதே அக்குழு புதிய நடத்தை நெறியொன்றையும் ஏற்றது. குழுவின் இடங்களிலும், வெளியில் ஒருவர் குழுவின் சார்பாக நிற்கும்போதும் அந்நெறி செல்லுபடியாகும். சீருடைக்குரிய விதியே இது.

ஆனால், சீருடையைக் கழற்றிய பின்? 2015இல் ஓபல் என்னும் மென்பொருட் குழுவில் இவ்வினா வெடித்தது. பங்களிப்பாளர் ஒருவர் தம் சொந்த ட்விட்டர் பக்கத்தில் திருநர் குறித்து எழுதிய கருத்துக்காக, அவரை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. குழுவினர் நீக்கவில்லை, எனினும் பின்னர் நடத்தை நெறியொன்றை ஏற்றனர்.

கோரியவர்களின் அச்சத்தைப் புறந்தள்ளல் ஆகாது. தம் நிரலை ஆராயப்போகிறவர் தம் பிறப்பையே இகழ்பவர் என்றறிந்த திருநங்கை, ஒரு சொல்லும் கூறாமல் விலகிவிடுவார். விலகியவரின் கணக்கை எவரும் எழுதி வைப்பதில்லை. மறுபுறம், ஊர்க்கட்டுப்பாட்டின் கொடுமையைத் தமிழர் நன்கு அறிவர். விரும்பியவரை மணந்த குற்றத்திற்காகக் கடையில் பொருளில்லை, கிணற்றில் நீரில்லை, இறப்பு வீட்டிற்கு ஆளில்லை என்று ஒரு குடும்பத்தையே ஒதுக்கிய பஞ்சாயத்துகள் எத்தனை! பொதுவிடத்தைக் காக்கப் பிறந்த விதி அடுப்பங்கரை வரை நுழைந்ததன் விளைவு அது.

அக்கரையில் போதைப்பொருள் உட்கொண்டு திரும்பும் குடிமகனை, இங்கேயே உட்கொண்டவனாகக் கருதிச் சிங்கப்பூர்ச் சட்டம் தண்டிக்கிறது. அக்கரையில் குப்பை போட்டவனை அது தேடிச் செல்வதில்லை. கேட்டின் அளவைப் பார்த்தே சட்டமும் பாலத்தைக் கடக்கிறது. குழுவின் நெறிக்கும் இவ்வளவு போதும். உடன் உழைப்பவரை எங்கே மிரட்டினாலும் அது குழுவின் வழக்கு. தனியிடத்தில் கூறிய பொதுக் கருத்து அவ்வாறன்று. பிறர் நிரலை ஏற்கவும் தள்ளவும் அதிகாரம் பெற்றவருக்கு மட்டும் இச்சலுகை குறையும். தமிழாசிரியர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேக்காச் சந்தையில் கைலியோடு நின்றாலும் மாணவன் அவரை “ஆசிரியர்” என்றே விளிக்கிறான். பிறர் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கை, சந்தையிலும் அதே கைதான்.

இவை தொலைதூரப் பூசல்கள் எனத் தமிழர் வாளாவிருத்தற்கில்லை. லிப்ரே ஆபிஸ், பயர்பாக்ஸ் போன்றவற்றைத் தமிழில் பயன்படுத்த முடிவது தன்னார்வலர் உழைப்பால். ஆங்கிலத்திற்கு உழைப்போர் ஆயிரவர். ஒருவர் போனால் மற்றொருவர் வருவார். தமிழுக்கு உழைப்போர் மிகச் சிலர். அவருள் இருவர் மனமுடைந்து விலகினால், மாணவன் திறக்கும் திரையிற் பாதிச் சொற்கள் ஆங்கிலமாகவே நின்றுவிடும்.