மணியடித்தது யார் வீட்டில்?

தொலைபேசியில் ஒருவரை அழைக்கும்போது நம் காதில் விழும் மணியோசை, மறுமுனையில் ஒலிக்கும் மணியின் ஓசையே என்று நாற்பது வயது கடக்கும் வரையில் நான் நம்பியிருந்தேன். கல்லூரி ஆசிரியனுக்கு இவ்வளவும் தெரியாதா என்று நீங்கள் நகைக்கலாம். ஆனால், அந்த அறியாமை எங்கள் குடும்பத்தில் ஓராண்டுக்கு மேலாகப் பேச்சை அறுத்துவிட்டது.

2014ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், கந்தப்பளையில் நாங்கள் பிறந்து வளர்ந்த லயக் காம்பராவிலேயே என் தாயார் காலமானார். மழையும் பனிமூட்டமுமான இரவு அது. இலண்டனிலிருந்த தம்பி, மலிவான இணையத் தொலைபேசி வழியாக ஏழு தடவை அழைத்தானாம். என் கைத்தொலைபேசியோ அம்மாவின் தலைமாட்டில் ஓசையின்றிக் கிடந்தது. நான் அவனை அழைப்பதற்கு அதில் காசு மீதியில்லை. ரீலோட் செய்யக் கடையும் திறந்திருக்கவில்லை. விடிந்தபின் செய்தி சொன்னேன்.

“அண்ணே, மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சே! ஒருத்தருமா எடுக்கல?”

அடிக்கவேயில்லை என்றேன். அவன் நம்பவில்லை.

2016 தைப்பொங்கலுக்கு வந்த பழைய மாணவனொருவன் கொழும்பில் தொலைத்தொடர்புத் துறையில் பணிபுரிபவன். அவன்தான் விளக்கினான். இணையத் தொலைபேசியில் கருவிகள் ஒன்றோடொன்று இலக்கங்களாற் பேசுகின்றன. 2002இல் செப்பமாக வகுக்கப்பட்ட ‘சிப்’ என்னும் நெறியின்படி, அழைப்பைப் பெற்ற அடுத்த நிலையம் ‘100’ என்று விடையிறுக்கும். ‘கிடைத்தது, முயல்கிறேன்’ என்பது பொருள். எந்த விடையும் வராவிடின் அழைத்த கருவி அரை விநாடி, ஒரு விநாடி, இரண்டு விநாடி என இடைவெளியை இரட்டித்துக்கொண்டு மீண்டும் மீண்டும் கேட்டு, 32 விநாடியிற் கைவிடும். ‘180’ என்றால் அங்கே மணியடிக்கிறது. ‘200’ என்றால் எடுத்துவிட்டார்கள். 200க்குக் கீழ்ப்பட்டவை யாவும் இடைக்கால விடைகளே. 180 வந்ததும் நாம் கேட்கும் ஓசையைப் பெரும்பாலும் நம் கருவியே எழுப்புகிறதாம்!

மலிவு வழியில் அழைப்பு பல கைமாறுகிறது. அழைத்தவர் பொறுமையிழந்து வைத்துவிடக் கூடாதென்று, மறுமுனையைத் தொடுமுன்னரே இடையிலுள்ள ஒருவர் 180ஐ அனுப்பிவிடுவதுண்டு. அமெரிக்கக் கிராமங்களிலும் இந்தப் பொய்ம்மணித் தொல்லை இருந்தமையால், மறுமுனை நிலையம் அறிவிக்குமுன் மணியோசை கேட்பித்தலாகாது என்று அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு 2013இல் விதித்தது.

“வழி திறந்திருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லையா?” என்றேன்.

“பார்க்கிறார்கள், சேர். ‘ஒப்ஷன்ஸ்’ என்றொரு வினாவை அடிக்கடி அனுப்புவார்கள். விடை வந்தால் வழி நலம் என்று கொள்வார்கள். ஆனால் விடை சொல்வது பக்கத்து நிலையம். உங்கள் தொலைபேசி அல்ல.”

எனக்குப் பெரட்டுக் களம் நினைவுக்கு வந்தது. ஆட்களை எண்ணாமலே ‘எல்லாரும் வந்தாச்சு’ என்று சொல்லும் கங்காணியை எந்தத் தோட்டத்தில்தான் காணவில்லை!

“அன்றிரவு இப்படித்தான் நடந்தது என்று சத்தியம் செய்யமாட்டேன், சேர். நடக்கக்கூடியது” என்றான் மாணவன். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அனைத்தையும் தம்பிக்கு எழுதினேன். நான்காம் நாள் இரவு என் தொலைபேசி ஒலித்தது.

“அண்ணே, இப்ப அங்க அடிச்சுச்சா?”

“அடிச்சுச்சு.”

சற்று நேரம் அவன் பேசவில்லை. பிறகு, அம்மா கடைசியாக என்ன கேட்டார் என்று வினவினான். அவனைத்தான் கேட்டார் என்றேன்.