கால் அறியாத தண்ணீர்

மலையகத்தில் ஓட்டோ ஓட்டுகிற யாரிடமாவது "பிரேக் ஒயில் கடைசியா எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக வருகிற பதில் இதுதான்: "மாத்துறதா? குறைஞ்சா ஊத்துவோம்." எங்கள் அப்பாவும் பல வருடங்கள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். எஞ்சின் ஒயிலை நாள் குறித்து மாற்றுவார். காலையில் டயரை உள்ளங்கையால் தடவிப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டார். பிரேக் ஒயில் மட்டும் கணக்கிலேயே இல்லை. அதன் டப்பா நிறைந்திருந்தால் பிரேக் நல்லாயிருக்கு, அவ்வளவுதான்.

நான் கலைப்பீடத்தில் படிக்கிறேன். மெக்கானிக் வேலைக்கும் எனக்கும் பட்டப்படிப்பு வழியில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இப்போது வருடத்துக்கு ஒரு தடவை, எங்கள் ஓட்டோவின் மூன்று சில்லிலிருந்தும் பழைய பிரேக் ஒயிலை இறக்கிப் புதுசு ஏற்றுகிற வேலையில் பாதி என்னுடையது. மற்றப் பாதி அப்பாவுடையது. இது தனியாள் வேலை இல்லை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பிரேக்கை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ஒயில் தள்ளப்படுகிறது. அது மெல்லிய குழாய்கள் வழியே ஒவ்வொரு சில்லுக்கும் போய், அங்கிருக்கிற சின்ன சிலிண்டரைத் திறக்கிறது. அந்தச் சிலிண்டர் பிரேக் ஷூக்களை டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. திரவம் கிட்டத்தட்டச் சுருங்காது. அதனால்தான் கால் கொடுக்கிற அழுத்தம் சில்லு வரைக்கும் போய்ச் சேருகிறது. 17ஆம் நூற்றாண்டில் பஸ்கால் சொன்ன விதி. ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் படத்தோடு படித்துவிட்டு மறந்துபோன அதே விதி.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பதற்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று காற்று. இன்னொன்று தண்ணீர்.

குழாய்க்குள் காற்று புகுந்தால் கால் உடனே கண்டுபிடித்துவிடும். காற்று சுருங்கும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அப்பாவுக்கு 18 வருட அனுபவம். பெடல் ஒரு விரல் அளவு கூடுதலாக இறங்கினாலும், "எயார் புடிச்சிருக்கு" என்று சொல்லிவிடுவார். அது சரியாகவும் இருக்கும்.

தண்ணீர் அப்படி இல்லை. பிரேக் ஒயில் என்று நாங்கள் சொல்வது உண்மையில் ஒயில் இல்லை. கிளைக்கோல் வகைத் திரவம். காற்றிலிருக்கிற ஈரத்தை அது தானாகவே இழுத்துக்கொள்ளும். தண்ணீரும் திரவம்தான், சுருங்காது. ஆகவே பெடல் வழக்கம்போலவே கல்லு மாதிரி இருக்கும். மாறுவது கொதிநிலை மட்டும். புதிய டொட் 3 திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டொட் 4 குறைந்தது 230 வரை. 3.7 வீதம் தண்ணீர் கலந்த நிலையில் அதே தரங்கள் கேட்பது 140உம் 155உம் மட்டும்தான். இடையில் காணாமல் போன 65, 75 பாகையை எந்தக் காலாலும் உணர முடியாது. சமதரையில் ஓடுகிற வரைக்கும் அந்த வித்தியாசம் தேவையும் படாது.

எங்களுக்குத் தேவைப்படும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை என்று கம்பளைக்கு இறங்கினால் ஆயிரம் மீற்றருக்கும் மேலே இறக்கம். வளைவுக்கு வளைவு பிரேக். டிரம் சூடேறி, ஷூ சூடேறி, அந்தச் சூடு சில்லுச் சிலிண்டருக்குள் நிற்கிற ஒயிலுக்கும் வருகிறது. தண்ணீர் கலந்த ஒயில் அங்கே கொதித்து ஆவியாகும். ஆவி சுருங்கும். அப்போது பெடல் ஒரேயடியாகத் தரைக்குப் போய்விடும்.

அப்பாவுக்கு அது நடந்தது. பின்னால் இரண்டு பேர், மருத்துவமனையிலிருந்து திரும்பி வருகிறவர்கள். பாதி இறக்கத்தில் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்றார் அப்பா. கியரைக் குறைத்து, கம்பியில் இயங்குகிற ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மண்மேட்டுப் பக்கம் உரசி நிறுத்தியிருக்கிறார். யாருக்கும் அடி இல்லை. அரை மணித்தியாலம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கல்லு. ஆவி குளிர்ந்து திரும்பத் திரவமாகிவிட்டது. அடுத்த நாள் கராஜில் காட்டினார். பார்த்தவர் மிதித்துவிட்டு, "ஒண்ணுமில்லண்ணே, நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிட்டார்.

அந்த "நல்லாத்தானே இருக்கு"தான் என்னைத் தூங்கவிடவில்லை. லீவில் வீட்டுக்கு வந்திருந்த நான் ஒயில் போத்தலின் லேபிளிலிருந்து தொடங்கி வாசிக்க ஆரம்பித்தேன். வாசித்ததை அப்பாவிடம் சொன்னால், "மூடி இறுக்கமாத்தானே இருக்கு, தண்ணி எப்புடிப் போகும்?" என்று கேட்டார். கொதிநிலைக் கணக்கெல்லாம் அவரிடம் எடுபடவில்லை. அடுப்படியிலிருந்து அம்மாதான் சொன்னார்: "உப்புப் போத்தலும் மூடித்தான் வைக்கிறேன். மழைக்காலத்துல தண்ணி விடலியா?" அப்பா பதில் சொல்லவில்லை. பின்னேரம் டவுனுக்குப் போய் டொட் 4 போத்தல் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். நுவரெலியாவுக்கு ஒரு ஹயர் போனால் கிடைக்கிற காசை விடக் குறைவு.

இனி வேலை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி சில்லுக்குக் கல் வைக்க வேண்டும். ஒயில் டப்பாவைச் சுற்றியிருக்கிற தூசியைத் துடைத்த பிறகுதான் மூடியைக் கழற்றலாம். பழைய ஒயிலை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கிற சில்லில் தொடங்கி, கிட்ட இருக்கிறதில் முடிக்க வேண்டும். சில்லின் உட்பக்கம் ஒரு சின்ன நிப்பிள் இருக்கும். அதில் ரிங் ஸ்பானரைப் போட்டு, மேலே சேலைன் டியூப் துண்டு ஒன்றைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஒயில் உள்ள போத்தலுக்குள் மூழ்க வைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு மூன்றே சொற்கள்தான். உரப்பையை விரித்துக் கீழே படுத்திருக்கிற நான் "மிதி" என்பேன். அப்பா மூன்று தடவை மெதுவாக மிதிப்பார். "புடி" என்பேன். அழுத்தியபடியே வைத்திருப்பார். நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன், ஒயில் டியூபில் ஓடும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடுவேன். மூடிய பிறகுதான் "விடு". திறந்திருக்கும்போது கால் எடுபட்டால் அது வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். எங்கள் வீட்டில் அப்பாவின் கால் என் வாயைப் பார்த்து நடக்கிற ஒரே நேரம் இதுதான். அவருக்கு நான் தெரியமாட்டேன், எனக்கு அவர் தெரியமாட்டார். சத்தம் மட்டும்தான். "ஆங், விட்டுட்டேன்" என்று அவர் திருப்பிச் சொன்னால்தான் நான் அடுத்த "மிதி"யைச் சொல்வேன்.

முதல் தடவை வந்த ஒயில் பிளேன்டி நிறம். குமிழியும் வந்தது. சில மிதிகளுக்குப் பிறகு நிறம் வெளுத்து, போத்தலில் இருந்த அதே மஞ்சளாக வந்தது. அந்த இரண்டு நிறங்களையும் டியூபில் பார்த்தபோது அப்பா, "இதையா நான் நம்பிக்கிட்டு இருந்தேன்" என்றார். இடையிடையே டப்பாவில் ஒயில் அடிக்கு இறங்காமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கினால் மேலிருந்தும் காற்று புகும், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பிரேக் ஒயில் பெயின்டை உரித்துவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். எஞ்சின் ஒயிலோ பெற்றோலோ ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது, ரப்பர் சீல்கள் ஊதிவிடும். திறந்து மாதக்கணக்கில் கிடந்த போத்தலைப் பாவிக்காதீர்கள், அதுவும் ஈரத்தைக் குடித்திருக்கும். பழைய ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். எங்கள் கான் போய்ச் சேருகிற ஓடையில்தான் கீழ் லயத்தில் குடிக்கத் தண்ணீர் எடுக்கிறார்கள்.

கீழே படுத்திருந்தபோது கடந்து போன ஒருவர், "கெம்பஸ் போற பொம்பளப் புள்ளைக்கு இது ஏன்?" என்று கேட்டார். அண்ணன் கட்டாரில் இருக்கிறான், வேறு யார் செய்வது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆள் இல்லாததால்தான் நான் செய்கிறேன் என்றாகிவிடும். எங்கள் ஓட்டோவின் பின் சீட்டில் அதிகம் உட்காருவது பொம்பளைகள்தான்: கிளினிக் போகிற கர்ப்பிணிகள், கொழுந்து எடுத்துவிட்டு டவுனுக்குப் போகிற அக்காமார், டியூஷன் பிள்ளைகள். பிரேக் யாருடைய உயிரைப் பிடித்திருக்கிறதோ அவர்களுக்கு அதைப் பற்றித் தெரிந்திருப்பதில் என்ன ஆச்சரியம்?

2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்லைக் குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று வேனிலும் ஓட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஸ்டாண்டில் பிரேக் பேச்சுத்தான். எல்லாரும் வண்டியில் ஏறி மிதித்துப் பார்த்தார்கள். எல்லாருடைய பெடலும் கல்லு மாதிரித்தான் இருந்தது. மிதித்துப் பார்ப்பது ஒரு சோதனைதான், ஆனால் அது காற்றுக்கான சோதனை. தண்ணீருக்கு எங்களிடம் இருப்பது திகதி என்கிற சோதனைதான். பொதுவாக 2 வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். மழையும் மூடுபனியும் இறக்கமும் உள்ள ஊரில் நாங்கள் 1 வருடம் என்று வைத்திருக்கிறோம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 வரைக்கும் திறக்கவில்லை. அந்த வருடங்களில் புது வண்டி எடுப்பது கஷ்டமாக இருந்தது. ஓடுவதில் பலதும் பழசு, உள்ளே இருக்கிற ஒயில் எவ்வளவு பழசு என்று பலருக்குத் தெரியாது.

எங்கள் டப்பாவின் பக்கத்தில் இப்போது ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. மாற்றிய திகதியை அப்பாவே எழுதுகிறார்.

உங்கள் வீட்டில் ஓட்டோவோ டிஸ்க் பிரேக் உள்ள பைக்கோ இருந்தால் இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று. "குறைஞ்சா ஊத்துவோம்" என்று பதில் வந்தால், அடுத்த லீவுக்குப் போகும்போது ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு போங்கள். மிதிக்க ஓர் ஆள் வேண்டும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.