பலகைக்கு அடியில்

ஜனவரி 9, லங்காவி

விடியற்காலையில் படகில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பாட்டில் மூடி கைதவறி விழுந்தது. எடுக்கக் குனிந்தபோதுதான் காஸ் வாடை. நிமிர்ந்தால் இல்லை, குனிந்தால் இருக்கிறது. விளக்கைப் போடப்போன அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். எந்தச் சுவிட்சையும் தொடாமல் மேலேறி சிலிண்டர் வால்வை மூடினோம். மின்சாரப் பம்பு வேண்டாமென்று படகின் அடியில் தேங்குவதை இறைக்க காக்பிட்டில் இருக்கும் கைப்பம்பை மாறி மாறி அடித்தோம். தண்ணீர் வரவில்லை, வாடைதான் வந்தது. பிறகு ஜெட்டியில் போய் உட்கார்ந்துவிட்டோம்.

காஸ் அலாரம் கத்தவே இல்லை. கத்தாது. போன வருஷம் வேலை செய்த படகு யார்டு அதைத் தலைக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. தண்ணீரைப்போல அடியில்தான் போய்த் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும்.

ஜனவரி 10

தூக்கமில்லை. கடையில் ரொட்டி சானாய்.

ஜனவரி 12

சுங்கை பட்டாணியிலிருந்து காஸ் வேலை பார்க்கும் தம்பி வந்தான். சிலிண்டரைத் திறந்து குழாயில் அழுத்தம் ஏற்றினான். மறுபடி மூடிவிட்டு அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று நிமிடம் முள் அசையக்கூடாதாம். ஒரு நிமிடத்திலேயே இறங்க ஆரம்பித்தது.

சோப்பு நுரை தடவினோம். அம்மோனியா கலந்த சோப்பு ஆகாது, பித்தளையில் விரிசல் விடும் என்றான். அடுப்புக்குப் பின்னால் இருந்த பலகையைக் கழற்றினால், இரண்டு துண்டுக் குழாய்களை ஒரு கிளிப் போட்டு ஒட்டவைத்திருக்கிறார்கள். சிலிண்டர் பெட்டியிலிருந்து அடுப்புவரை நடுவில் இணைப்பே இருக்கக்கூடாத இடம். படகு சாயும்போதெல்லாம் அடுப்பு ஆடும், அதோடு குழாயும் ஆடும். கிளிப்பின் ஓரத்தில் ஒரு குமிழி மெதுவாக வீங்கி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுப்புக்குப் போகும் காஸைக் கரண்டில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வையும் கழற்றினான். உள்ளே துருத்துகள் சிக்கி முழுதாக மூடவில்லை. அதன் சுவிட்சிலுள்ள சிவப்பு விளக்கு அணைந்தால் கரண்ட் நின்றது என்றுதான் அர்த்தம். வால்வு மூடியதா என்று அந்த விளக்குக்குத் தெரியாது.

"அக்கா, வீட்ல காஸ் கசிஞ்சா கதவு இடுக்குல வெளிய போயிடும். போட்ல கதவே மேலதானே இருக்கு? எங்க போவும்?"

ஜனவரி 13

சிலிண்டர் பெட்டிக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். அடித்துளை வழியாகத் தடையின்றிக் கடலில் கொட்டியது. இது ஒன்றாவது சரியாக இருக்கிறது. வெயிலும் நன்றாக இருந்தது.

ஜனவரி 17

கூட வரவேண்டிய படகுகள் புக்கெட்டுக்குக் கிளம்பிவிட்டன. கிளிப்பை இறுக்கிவிட்டு நாமும் போகலாம் என்றார் அவர். காற்று போனால் வராது, புதுக் குழாய் அப்புறம் வரும் என்றார். எனக்கு வந்த கோபத்தில் பதில் பேசவில்லை.

இரவு விழிப்பு வந்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. தரையில் குப்புறப் படுத்து, பலகை இடுக்கில் மூக்கை வைத்து மோந்துகொண்டிருந்தார். சிலிண்டரைக் கழற்றி வைத்து நாளாகிறது. நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 18

காலையில் புக்கெட் பேச்சை அவர் எடுக்கவில்லை.

ஜனவரி 22

அலாரத்தை முழங்காலுக்குக் கீழே மாற்றியாயிற்று. புது சோலனாய்டு வந்துவிட்டது. பினாங்கிலிருந்து வரவேண்டிய ஒரே நீளக் குழாய் இன்னும் வரவில்லை. அது வந்து, முள் மூன்று நிமிடம் அசையாமல் நின்றால்தான் இந்தப் படகில் அடுப்பு எரியும்.