ஏலகிரி மலைப்பாதையும் ஒரு பழைய ஸ்கூட்டரும்

வாணியம்பாடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் பொன்னேரி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கிருந்து ஒரு பாதை பிரிந்து மலையை நோக்கிச் செல்கிறது. ஏலகிரிக்கு வாகனங்கள் ஏறும் பாதை அதுவே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள அம்மலைக்குச் செல்ல 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். திருவள்ளுவர், இளங்கோ, கம்பர் ஆகியோரை வணங்கிவிட்டுப் பாரியையும் ஓரியையும் சந்திக்கலாம். முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியின் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வேடிக்கையான எண்ணம் வரும்: அந்தத் தேருக்குக் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை; கொடுத்தவருக்கும் கவலையில்லை, பெற்ற கொடிக்கும் கவலையில்லை.

உல்லாசப் பயணிகளுக்கு இப்பாதை கண்ணுக்கு விருந்து. தொழிற்பயிற்சி நிலையத்தில் நெடுங்காலம் மோட்டார் வண்டிப் பாடம் நடத்திய எனக்கோ இது ஒரு பரிசோதனைக் கூடம். சமவெளியில் தன் நோயை மறைத்துக்கொண்டு ஓடும் வண்டி, மலைப்பாதையில் நான்கு வளைவுகளுக்குள் உண்மையைச் சொல்லிவிடும்.

என் தங்கையை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பாலாற்றங்கரையிலுள்ள அவ்வூரும் அண்டையிலுள்ள ஆம்பூரும் தோல் தொழிலால் பெயர் பெற்றவை என்பதை வாசகர்கள் அறிவர். தங்கையின் கணவர், வெட்டிய தோல் துண்டுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, பெண்கள் தைத்துத் தரும் காலணியின் மேற்பாகங்களைத் திரும்ப எடுத்து வந்து பட்டறையில் சேர்ப்பவர். அவருடைய கையும் காலும் ஒரு பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர்தான். அவருடைய தந்தையார் பெயர் பதிந்து பல ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய வண்டி அது. அந்நாளில் ஸ்கூட்டர் வாங்குவதென்றால் அப்படித்தான்.

சென்ற முறை நான் அங்கே போயிருந்தபோது வீட்டில் களையில்லை. இரவு உணவு முடிந்ததும் மாப்பிள்ளை மெல்லப் பேச்செடுத்தார்.

"மச்சான், வண்டி இழுக்க மாட்டேங்குது. இஞ்சினை இறக்கிப் பிரிக்கணும்னு சொல்றாங்க. அவங்க சொல்ற தொகைக்கு நான் ரெண்டு மாசம் உழைக்கணும். எடைக்குப் போட்டுடலாமான்னு பாக்குறேன்."

தங்கை வாசற்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டி போனால் வாடகை வண்டிக்குப் பணம் கொடுத்து இத்தொழிலைச் செய்ய இயலாது என்பது அவளுக்கும் தெரியும்.

"எடைக்குப் போடுறது எப்பவும் முடியும், மாப்பிள்ளை. காலையில பஜ்ரு தொழுதுட்டு என்னோட பொன்னேரிக்கு வாங்க" என்றேன்.

இவ்விடத்தில் வண்டியின் அமைப்பைச் சிறிது சொல்லியாக வேண்டும். 1946-ல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெளியிட்ட வெஸ்பா ஸ்கூட்டரே இவ்வகை வண்டிகளுக்கெல்லாம் தாய். அதை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். சங்கிலி கூடாது, எண்ணெய் தெறித்து உடை கறைபடக் கூடாது, குறுக்கே காலைத் தூக்கிப் போட்டு ஏறும் அவதியும் கூடாது என்று எண்ணியவர் அவர். புடவை கட்டிய பெண்களும் புர்கா அணிந்த பெண்களும் இவ்வண்டியில் வசதியாக அமர முடிந்ததற்கு அவருடைய சிந்தனையே காரணம். கியரையும் கிளட்சையும் இடது கையிலேயே சேர்த்து வைத்தார். அந்த வழியில் வந்த சேத்தக் 1972-ல் அறிமுகமாயிற்று. இப்போது அதே பெயரில் மின்சார ஸ்கூட்டர் ஓடுகிறது. அதற்குக் கிளட்சு இல்லை. பழைய சேத்தக்கின் உற்பத்தி நின்று நெடுநாளாகியும், உதிரிப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன.

கிளட்சு என்பது இயந்திரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள ஒரு கைகுலுக்கல். எண்ணெயில் நனைந்தபடி, தக்கை ஒட்டிய தகடுகளும் எஃகுத் தகடுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக அழுத்திப் பிடித்திருக்கும். நாம் கிளட்சுப் பிடியை அழுத்தினால் அந்தக் கை விலகும். விட்டால் மீண்டும் பற்றும். இதில் இருவகைக் கோளாறு நேரும். பற்ற வேண்டிய நேரத்தில் பற்றாமல் வழுக்குவது ஒன்று. விலக வேண்டிய நேரத்தில் விலகாமல் ஒட்டிக்கொள்வது மற்றொன்று. இரண்டையும் "கிளட்சு போச்சு" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அங்கேதான் பணம் விரயமாகிறது.

பொன்னேரியில் சாலையோரப் புளியமரத்தின் நிழலில் வண்டியை நிறுத்தினேன். கிளட்சுப் பிடியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். பிடியின் தொடக்கத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். அது அறவே இல்லை. வீணைத் தந்தி போலக் கேபிள் விறைத்து நின்றது. கையை எடுத்த பிறகும் யாரோ கிளட்சைப் பாதி அழுத்திப் பிடித்திருப்பதற்கு ஒப்பான நிலை அது. அவ்வாறு இருந்தால் தகடுகள் எப்படி இறுகப் பற்றும்?

"இதை யார் இவ்வளவு இறுக்கினது?" என்று கேட்டேன்.

கியர் மாற்றுவது கடினமாக இருக்கிறதென்று மூன்று மாதங்களுக்கு முன் ஒரு பட்டறையில் காட்டியதாகவும், அங்கே கேபிளை இறுக்கிக் கொடுத்ததாகவும் மாப்பிள்ளை சொன்னார். அதன் பிறகு சில நாளில்தான் இழுவை குறையத் தொடங்கியதாம். நோய்க்குக் கொடுத்த மருந்தே அடுத்த நோயாகியிருக்கிறது என்ற ஐயம் எனக்கு அப்போதே எழுந்தது.

அடிப்பக்கத் திருகைத் தளர்த்தி உரிய இடைவெளியை வைத்தேன். பிறகு முன்புறத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பின்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. முதல் கியரில் போட்டுக் கிளட்சைப் பிடித்தபோது சக்கரம் இலேசாகச் சுழன்றதே தவிர முரண்டு பிடிக்கவில்லை; கையால் நிறுத்தவும் முடிந்தது. கேபிளைத் தளர்த்திய பின்னும் கிளட்சு நன்றாகவே விலகுகிறது. ஆகவே கியர் கடினமாக விழுந்ததற்குக் கிளட்சு காரணமாக இருந்திருக்க முடியாது.

இருவருமாக மலையேறத் தொடங்கினோம். காலை வெயில் இன்னும் பாதையில் இறங்கவில்லை. கைப்பிடிச் சுவர்களின் மேல் குரங்குகள் வரிசையாக அமர்ந்து எங்களை விசாரணைக்கு அழைத்தவை போல் பார்த்தன. முதலிரண்டு வளைவுகளை வண்டி மிடுக்காகக் கடந்தது. மாப்பிள்ளையின் முகத்தில் தெளிவு வந்தது. எனக்கு வரவில்லை. எண்ணெய் சூடேற வேண்டும். அதன் பிறகே தகடுகளின் உண்மை நிலை தெரியும்.

நான்காம் வளைவுக்கு மேல் சற்றுச் சரிவு குறைந்த இடத்தில் மூன்றாம் கியருக்கு மாற்றி ஆக்ஸிலேட்டரை முழுவதும் திருப்பினேன். இயந்திரத்தின் ஓசை சீறி உயர்ந்தது. சாலையோர மைல்கல்லோ மெதுவாகத்தான் எங்களை நெருங்கியது. தக்கை கருகும் நெடியும் இலேசாக வந்தது. வழுக்கும் கிளட்சின் அடையாளம் இதுதான்.

வாசகர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். வண்டி இழுக்கவில்லை என்பதால் மட்டும் கிளட்சைப் பழிக்கலாகாது. ஓசை உயர்ந்தும் வேகம் உயரவில்லையானால் கிளட்சு வழுக்குகிறது. ஓசையே உயராமல் மூச்சடைத்ததுபோல் திணறினால், சைலன்ஸரில் கரி அடைத்திருக்கலாம். கார்புரேட்டரில் அழுக்கு இருக்கலாம். பின்சக்கரப் பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம். இருசக்கர வாகனத்துக்கு நாடி பார்ப்பதென்பது பெரும்பாலும் காதால்தான். வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய மற்றொரு சோதனையும் உண்டு. இவ்வகை ஸ்கூட்டரில் கிக்கரின் விசை கிளட்சின் வழியாகத்தான் இயந்திரத்தைச் சேரும். எனவே கிக்கரை உதைக்கும்போது இயந்திரம் சுழலாமல் கால் வழுக்கி இறங்கினால், கிளட்சுத் தகட்டையோ கிக்கர் பல்லையோ சந்தேகிக்கலாம்.

தகடு தேய்ந்துவிட்டது என்பது உறுதியாயிற்று. ஆனால் இஞ்சினை இறக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இது விடையன்று. இவ்வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றினால் கிளட்சு மூடி கைக்கு எட்டும். இயந்திரத்தைத் தொடாமலே தகடுகளை மாற்றிவிடலாம். இயந்திரத்தை இறக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டிய நிலை வருவது, கியர்களைப் பிணைக்கும் சிலுவை வடிவத் துண்டு தேய்ந்தால்தான். பட்டறைக்காரர்கள் அதைக் 'கியர் கிராஸ்' என்பார்கள். அதன் முனைகள் மழுங்கினால், பாரம் விழும்போது 'டக்'கென்ற ஒலியுடன் கியர் தானாகக் கழன்றுவிடும். ஆகவே மீதி மலைப்பாதையில் எங்கள் சோதனை முழுவதும் அந்த ஒலியைத் தேடியே நடந்தது.

முதல் இரண்டு கியர்களிலேயே பொறுமையாக ஏறினோம். நடுவில் இருமுறை நிறுத்தி வண்டியைக் குளிரவிட்டோம். எதிரே ஜவ்வாது மலை நீல நிறத்தில் நீண்டு கிடந்தது. விண்மீன்களை ஆராயும் காவலூர் வானாய்வு நிலையம் அம்மலையில்தான் இருக்கிறது. ஒரு வளைவிலும் கியர் கழலவில்லை. கைப்பிடியிலிருந்து கையை வேண்டுமென்றே தளர்த்தியும் பார்த்தேன். இரண்டாம் கியர் அசையாமல் நின்றது.

அத்தனாவூரை அடைந்து, புங்கனூர் ஏரிக்கரையில் தேநீர் அருந்தினோம். பலாவும் கொய்யாவும் விற்கும் கடைகளுக்கு எதிரே, கியரில்லாத புதிய ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. அவற்றுள் ஒன்று புறப்படும்போது உடல் நடுங்கிக் குலுங்கியது. 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டா முதல் இன்றுள்ளவை வரை இத்தகைய வண்டிகளில் பெல்ட்டும், வேகம் கூடும்போது தானே விரிந்து பற்றும் கிளட்சும் இருக்கின்றன. புறப்படும்போது குலுங்கினால் பெரும்பாலும் கிளட்சுக் கட்டைகள் வழவழப்பாகிவிட்டன அல்லது தூசு படிந்திருக்கிறது என்று பொருள். ஓசை உயர்ந்தும் வேகம் வராவிட்டால் பெல்ட் தேய்ந்திருக்கக்கூடும். கேபிளைக் குறை சொல்ல அங்கே வழியில்லை. அக்குடும்பத்தின் தலைவரிடம் சொல்லலாமா என்று எண்ணுவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வந்தோம். எரிபொருளைச் சேமிப்பதாக எண்ணிக் கிளட்சைப் பிடித்தபடி மலையிறங்குவோர் பலர். அது பிரேக்குகளைச் சூடேற்றி ஆபத்தில் தள்ளும் பழக்கம். பெட்ரோலுடன் எண்ணெய் கலந்து ஊற்றும் இரு வீச்சு இயந்திரத்தில் மற்றொரு எச்சரிக்கையும் தேவை. ஆக்ஸிலேட்டரை நெடுநேரம் மூடி வைத்தால் பெட்ரோலோடு வரும் எண்ணெயும் நின்றுபோகும். அவ்வப்போது சிறிது திறந்து மூட வேண்டும். இயந்திரம் வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்த அந்த இறக்கத்திலும் கியர் கழலவில்லை. கிராஸ் நன்றாக இருக்கிறது. இஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து கியர் எண்ணெயைச் சிறிது வடித்து முகர்ந்தேன். பெட்ரோல் வாடை வந்தால் கிளட்சுப் பக்கத்து எண்ணெய்த் தடுப்பான் பழுதென்று கொள்ள வேண்டும். அப்போது இயந்திரத்தைப் பிரிக்காமல் தீராது. அல்ஹம்துலில்லாஹ், அந்த வாடை இல்லை. கருகல் நெடி மட்டுமே இருந்தது. முகப்பு விளக்கைக் கழற்றிக் கைப்பிடியின் உட்புறத்தைப் பார்த்தபோது முதல் நோய் வெளிப்பட்டது. கியர் கேபிள்களுள் ஒன்று கிரீஸ் இல்லாமல் காய்ந்து, இழை இழையாகப் பிரிந்திருந்தது. கியர் கடினமாக விழுந்தது அதனால்தான். அதைக் கண்டிருந்தால் கிளட்சுக் கேபிளை இறுக்கியிருக்கவே வேண்டாம்; தகடும் கருகியிருக்காது.

மறுநாள் கடைவீதியில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். உருதுவும் தமிழும் கலந்து பேசும் பெரியவர். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் தாமே பிடியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தலையசைத்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. வண்டியைச் சாய்த்துப் படுக்கவைத்துப் பின்சக்கரத்தைக் கழற்றினார். கோட்டை மதில்போல் பல் வைத்த நட்டை அதற்குரிய தனிச் சாவியால் திருகி எடுத்தார். தக்கைகள் கரிபிடித்துத் தேய்ந்திருந்தன. எஃகுத் தகடுகளில் சூடேறிய நீலம் படர்ந்திருந்தது. புதிய தகடுகளை எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினார். ஸ்பிரிங்குகளையும் கியர் கேபிள்களையும் மாற்றி, எஸ்.ஏ.இ. 30 எண்ணெய் ஊற்றினார். லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது வேலை முடிந்தது. மாப்பிள்ளைக்கு ஆறு நாள் வருமானம் செலவாயிற்று.

அஸருக்குப் பிறகு தோல் மூட்டையை முன்புறம் வைத்துக்கொண்டு அவர் ஆம்பூர் சாலையில் புறப்பட்டார். இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் புதிய கேபிள்கள் சற்று நீளும் என்றும், அப்போது தளர்வை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்றும் தங்கையின் மகனிடம் சொல்லி, பிடியில் எவ்வளவு இடைவெளி வேண்டுமென்று அவன் விரலாலேயே அளந்து காட்டினேன். பழைய தகடுகளில் ஒன்றை அவன் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான்.