தராசுக்குக் கட்சி உண்டா?

ஆட்சி மாறினால் என்னென்ன மாறும் என்பதற்கு நம் நாட்டில் ஒரு ஜாபிதாவே உண்டு. திட்டங்களின் பெயர் மாறும். சர்க்கார் கொடுக்கும் பையின் மேலிருக்கும் படம் மாறும். இவற்றால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு லாபம்கூட உண்டு. ஆனால் கத்தரிக்காய் நிறுக்கும் தராசும் இவற்றோடு சேர்ந்து போய்விட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு காலத்தில் பருத்தி மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போன குடியானவனுக்குச் சரக்கின் எடையும் நிச்சயமில்லை, விலையும் நிச்சயமில்லை. வியாபாரியும் தரகரும் துண்டால் கையை மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே விலையை முடித்துவிடுவார்கள். சரக்கின் சொந்தக்காரன் பக்கத்தில் நின்று துண்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்புறம் தரகு, கழிவு, மகமை, கூலி எல்லாம் போக மிச்சம் அவன் கைக்கு வரும். சர்க்கார் மேற்பார்வையில் ஒழுங்கான சந்தைகள் வேண்டும் என்று 1928-ல் ராயல் விவசாயக் கமிஷன் சொல்லிற்று. சென்னை மாகாணத்தில் 1933-ல் அதற்கொரு சட்டம் வந்தது. 1936-ல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஏற்பட்டது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ஜஸ்டிஸ் கட்சி நாளில் பிறந்த சட்டத்தை 1959-ல் காங்கிரஸ் ஆட்சி விரிவாக்கித் திருத்தி எழுதியது. தி.மு.க. ஆட்சியில் 1970-ல் வேளாண்மை விற்பனை வாரியம் அமைந்தது. அண்ணா தி.மு.க. ஆட்சியில் 1987-ஆம் வருஷச் சட்டம் உருவாயிற்று. வேறு விஷயங்களில் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்பாதவர்கள், இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஆளுக்கோர் அறை கட்டியிருக்கிறார்கள். முன்னவர் எழுப்பிய சுவரை யாரும் இடிக்கவில்லை. விற்பனைக்கூடங்களில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். குறையைச் சொல்லித் திருத்துவதற்காவது அவை இருந்தன அல்லவா?

இனி உழவர் சந்தைக்கு வருவோம். 1999 நவம்பர் 14 அன்று, அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி மதுரையில் முதல் சந்தையைத் திறந்தார். ஏற்பாடு எளிமையானது. உழவருக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை; வாடகையில்லாக் கடை; இரவல் தராசு; காய்கறிக் கூடையை ஏற்றிவர பஸ். மண்டி விலையைவிடச் சற்று அதிகமாகவும், கடை விலையைவிடக் குறைவாகவும் அன்றன்று விலை எழுதிப் போடுவார்கள். இரண்டு வருஷத்துக்குள் நூறு சந்தைகளுக்கு மேல் வந்துவிட்டன. 2001-ல் ஆட்சி மாறியது. கவனிப்புக் குறைந்தது, பல சந்தைகள் களையிழந்தன. 2006-ல் மறுபடி ஆட்சி மாறியது; சந்தைகளுக்கு மறுபடி வெள்ளையடித்தார்கள்.

அப்படி வெள்ளையடித்த ஒரு கொங்கு நாட்டுச் சந்தையில் நான் காய் வாங்கப் போனேன். கத்தரிக்காய் விற்ற அம்மாளின் கழுத்தில் தொங்கிய அட்டை பழையது. படத்தில் தலை கறுப்பு, எதிரில் பாதி நரை.

"இத்தனை வருஷம் இதை எப்படிப் பத்திரமாக வைத்திருந்தீர்கள், அம்மா?" என்றேன்.

"தூக்கியா போடுவாங்க? ரேஷன் கார்டோடதான் வச்சிருந்தனுங்க. அவங்க போவாங்க, இவங்க வருவாங்க. காடு எங்கீங்க போகுது?"

நடுவில் என்ன செய்தார் என்று கேட்டேன். கத்தரியைக் குறைத்துக்கொண்டு மக்காச்சோளம் போட்டாராம். விளைந்த கொஞ்சக் காயையும் மண்டியில் கேட்ட விலைக்குக் கொடுத்தாராம். "இப்ப மறுக்காவும் கத்தரி நட்டிருக்கறேன். பொறவு மூடிப் போடமாட்டாங்களே?" என்று என்னையே கேட்டார். நான் மந்திரியா, பதில் சொல்ல?

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ஆட்சிக்கு வந்தவர் முன்னவர் செய்ததை மாற்றக்கூடாதா? தாராளமாக மாற்றலாம், அதற்குத்தான் ஓட்டுப் போட்டோம். ஒரு சந்தை ஜனங்கள் வராத மூலையில் இருக்கலாம். உழவர் வேஷத்தில் வியாபாரியே உட்கார்ந்திருக்கலாம். அப்படியானால் காரணத்தைச் சொல்லி மூடட்டும். குடியானவர் வேறு வழி பார்த்துக்கொள்வார். மூடாமலும் நடத்தாமலும் கேட்பாரற்று விடுவது வேறு சங்கதி. இன்றைக்குப் பஸ் வரவில்லை, நாளைக்குத் தராசு பழுது என்று கழியும் இடத்தை நம்பவும் முடியாது, விடவும் முடியாது.

விற்பனைக்கூடம் தப்பியது, உழவர் சந்தை ஏன் தவித்தது? முன்னதை ஒரு தலைவரின் குழந்தை என்று யாரும் சொல்லவில்லை. பின்னதை எல்லோரும் அப்படிச் சொன்னார்கள். தலைவரின் ஆசையில்லாவிட்டால் இப்படிப்பட்ட காரியங்கள் பிறப்பதே அரிது என்பதும் உண்மைதான். ஆனால் பிறந்த பிறகு பிள்ளையை ஊருக்குத் தத்துக் கொடுத்துவிட வேண்டும்.

முடியாத காரியமா? ஆந்திரத்தில் 1999-ல் சந்திரபாபு நாயுடு தொடங்கிய ரைத்து பஜார்கள் 2004-ல் ஆட்சி மாறியும், 2014-ல் மாநிலமே இரண்டாகியும் நிலைத்தன. அவ்வளவு தூரம் போவானேன்? ஜெயலலிதா ஆட்சியில் 2013-ல் சென்னையில் பண்ணைப் பசுமைக் காய்கறிக் கடைகள் வந்தன. 2023-ல் தக்காளி விலை நூறு ரூபாயைத் தாண்டியபோது, தி.மு.க. ஆட்சி அதே கடைகளில்தான் அறுபது ரூபாய்க்குத் தக்காளி விற்றது. தக்காளி வாங்கியவர்களில் யாரும் கடையைத் திறந்தவர் யார் என்று விசாரித்ததாகத் தெரியவில்லை.

சர்க்காரின் கணக்கு ஐந்து வருஷம். கத்தரியின் கணக்கு அதைவிடச் சின்னது. நாற்று நட்டு இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். நடும்போது இருந்த தராசு, பறிக்கும்போதும் அதே இடத்தில் இருக்க வேண்டும். குடியானவர் கேட்பது இவ்வளவுதான். அதை யார் வாங்கி வைத்தார்கள் என்பதைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.