ஒளியால் ஒரு மதகு

அடையாற்றுக் கரையில் வளர்ந்தவர்களுக்கு நீரோட்டத்தின் குணம் தெரியும். கோடையில் அலைகள் மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிடும்; ஆறு குட்டையாய்த் தேங்கும். மழைக்காலத்திலோ கரை கொள்ளாது. 2015 டிசம்பரில் அது எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து பாட்டியின் தையல் இயந்திரத்தையும் என் பள்ளிப் புத்தகங்களையும் பாழாக்கிற்று. அன்றிலிருந்து ஓட்டம் என்றால் எனக்கு அச்சம். கூடவே ஓர் ஆவல். மனிதன் அதை எவ்வளவு தூரம் ஆள முடியும்?

இதற்கு இயற்பியலில் எதிர்பாராத விடையொன்று கிடைத்தது. நம் அறைக் காற்றின் மூலக்கூறுகள் வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் கண்டபடி பாய்கின்றன. அணுக்களை ஆள வேண்டுமானால் முதலில் அவற்றின் ஆட்டத்தை அடக்க வேண்டும். எதிரே லேசர் ஒளியைச் செலுத்தி வேகத்தைக் குறைக்கிறார்கள். பிறகு, டவராவில் காபி ஆறுவதுபோல, சூடு மிகுந்த அணுக்களை வெளியேற்றி எஞ்சியவற்றைக் குளிர்விக்கிறார்கள். தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு டிகிரியின் கோடியில் ஓரிரு பங்கே மிஞ்சும்போது, அணுக்கள் எல்லாம் ஒரே அலையாய் இணைகின்றன.

இந்நிலைக்கு வித்திட்டவர் டாக்கா பல்கலைக்கழக ஆசிரியர் சத்தியேந்திரநாத் போஸ். ஒளித்துகள்களைக் கணக்கிட அவர் கண்ட புது வழியை 1924-இல் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். அச்சில் அது நான்கே பக்கம். ஐன்ஸ்டீன் அதை அணுக்களுக்கும் பொருத்தி இந்நிலையை முன்னறிவித்தார். 1995-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில், ருபீடியம் அணுக்களில், அது கைகூடியது.

2011-இல் மேரிலாந்து ஆய்வாளர்கள் சோடியம் அணுக்களை வளையல் வடிவ ஒளிக்கூண்டில் அடைத்துச் சுழலவிட்டனர். உராய்வற்ற அவ்வோட்டம் 40 வினாடிகள் வரை நீடித்தது. குறுக்கே மதகுபோல் ஓர் ஒளித்தடுப்பை வைத்து உயர்த்தினர். ஓர் எல்லைவரை ஓட்டம் தளரவில்லை; எல்லை கடந்ததும் சட்டென நின்றது!

அப்பா இல்லாத எங்கள் வீட்டில் மாமா சொல்வதே முடிவு. "இதெல்லாம் படிச்சு ஊருக்கு என்னம்மா லாபம்? நம்ம ஆத்து வெள்ளத்தை உன் லேசர் தடுக்குமா?" என்று கேட்டார்.

"தடுக்காது மாமா. ஆனால் சுழற்சியை நுட்பமாக அளக்கும் கருவிகளுக்கு இவ்வளையங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள்" என்றேன்.

நண்பர்களே, அந்த நான்கு பக்கங்களிலிருந்து இந்த வளையத்திற்கு வர 87 ஆண்டுகள் ஆயின. உடனே பலன் கேட்டிருந்தால் போஸ் பேனாவை மூடியிருப்பார். ஓட்டத்தை ஆள விரும்புவோர், அது எந்த எல்லையில் நிற்கும் என்பதைப் பொறுமையாய் அறிய வேண்டும். அந்தப் பொறுமையைக் கற்கவே நான் மேலும் படிக்க விரும்புகிறேன்.

மாமா இன்னும் சம்மதிக்கவில்லை. எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன்.